ஆறாம் நம்பர் கேபின்

பூந்தமல்லி, நூம்பல், ஐயப்பன்தாங்கல் என்று அந்தப் பக்கத்தில் ஹாஜா மொய்தீன் கேமரா மாட்டாத தெரு கிடையாது. நகைக்கடை வாசல், அபார்ட்மென்ட் லிஃப்ட், மாவு மில், கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம் என்று எங்கே அண்ணாந்து பார்த்தாலும் அவர் ஏணி போட்டு ஏறி மாட்டிய ஒன்று முறைத்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவரின் சொந்த வீட்டில், மனைவிக்கு அவசரமாகத் தேவைப்பட்ட அந்தச் சனிக்கிழமை காலையில், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வெப்கேம் வேலை செய்யமாட்டேன் என்று அடம்பிடித்தது.

நசீம் பானுவுக்கு அன்று மூன்று மணிக்கு இன்டர்வியூ. நாற்பது வயதில் முதல் இன்டர்வியூ. ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய எண்ணைப் போடுகிற வேலை. மெடிக்கல் கோடிங் என்பார்கள். விலங்கியல் பட்டத்தை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தவள், மகள் இனாயா பத்தாம் வகுப்புக்குப் போனதும் ஒரு வருஷம் வீட்டிலிருந்தபடியே படித்து அதற்கான பரீட்சையில் தேறியிருந்தாள். கம்பெனியிலிருந்து வந்த மெயிலில் கண்டிப்பாக எழுதியிருந்தது. எந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்யப்போகிறீர்களோ அதிலேயே பேச வேண்டும். கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கைபேசியில் வந்தால் ஏற்கமாட்டோம்.

ஐயப்பன்தாங்கல் வீட்டின் ஹாலில், ஜன்னலையொட்டி மேஜைமேல் அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஓடியது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். பூந்தமல்லியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலத்திலிருந்து ஹாஜாவுக்கு அந்தப் பழக்கம். மானிட்டர் மாறியது, கேபினெட் மாறியது, வாடகை வீடே மூன்று தடவை மாறியது. லினக்ஸை மட்டும் அவர் விடவில்லை.

“இன்னா மச்சான், ஊரு முழுக்க மாட்டிகினு வர்றீங்க. நம்ம ஊட்டுல மட்டும் இப்படிப் பண்ணுது” என்றாள் நசீம்.

“அது சுவத்துல மாட்டறது. இது வேற ரகம்” என்று சொல்லிக்கொண்டே ஹாஜா மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனார். கேபினெட்டின் முன்பக்கத்தில் செருகியிருந்த வயரை உருவி, பின்பக்கம் கொண்டுபோய் செருகினார். கேமராவின் நெற்றியில் பச்சை விளக்கு கண் சிமிட்டியது. முன்பக்கத்து ஓட்டை எப்போதோ செத்துப்போயிருந்திருக்கிறது.

அந்தக் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு கணக்கு உண்டு. தன் பேரில் உள்ளே போய்ப் பார்த்தார். திரையில் அவருடைய மூக்கு பெரிதாகத் தெரிந்தது. “அல்ஹம்துலில்லாஹ், முடிஞ்சுது” என்று நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். நசீம் தன் பேரில் உள்ளே போய்ப் பார்த்தாள். கேமரா எதுவும் இல்லை என்று வந்தது. அவர் பேரில் மறுபடி பார்த்தார்கள். மூக்கு தெரிந்தது. அவள் பேரில் பார்த்தார்கள். இல்லை.

“என் பேர்லயே பேசிடேன். இன்னா இப்ப?”

“நான் படிச்சது, எழுதுனது, சர்டிபிகேட்டு எல்லாம் என் பேர்லதான் கீது. எனக்கு வேலை கேக்க உங்க பேர்ல ஏன் போகணும்?”

ஹாஜா அதற்கு வாதாடவில்லை. மெஷினை அணைத்துப் போட்டார். வயரை மாற்றிப் பார்த்தார். கூகுளில் தேடி யாரோ எங்கோ எழுதியதையெல்லாம் படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க அவள் முயன்றதும், அவர் அதைக் கவனித்துவிட்டு மேலும் பதறியதும், இரண்டு பேருக்கும் தெரிந்தே நடந்தது. கடைசியில் அவர் கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயக்கத்தோடு சொன்னார்.

“டேவிட்டைக் கேக்கலாமா?”

நசீம் நிமிர்ந்தாள். “நம்பர் கீதா?”

“மாத்தியிருக்க மாட்டான்.”

டேவிட்டோடு பேசி ஏழெட்டு வருஷம் இருக்கும். சண்டை ஒன்றும் இல்லை. கடையை மூடினார்கள், அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள், அவ்வளவுதான். ஆவடியில் அவன் மகள் ரியாவின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டபோது ஹாஜாவால் போகமுடியவில்லை. பிறகு ஒரு ரம்ஜானுக்கு இவர் கூப்பிட மறந்தார். அப்படியே காலம் ஓடிவிட்டது.

அவர் கைபேசியில் பேரைத் தேடிக்கொண்டிருக்க, நசீமின் மனம் பூந்தமல்லிக்குப் போய்விட்டது.

எச்.எம். நெட். டிரங்க் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், ஒரு தையல்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே இருந்த கடை. உள்ளே ப்ளைவுட் தடுத்த ஆறு கேபின்கள். ஒவ்வொன்றுக்கும் நீலப் பூப்போட்ட திரை. ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒற்றை ஆள் முழங்கால் இடித்துக்கொண்டு உட்காரலாம். ஆறாம் நம்பர் மட்டும் அகலம். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அது. வெளியே மெட்ரோ தூண்கள் எல்லாம் அப்போது யாருடைய கனவிலும் இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்புகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ப்ளைவுட் அதிரும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்தால் கடையில் பெண்கள் கூட்டம் நெரியும். சவுதியில் அன்றுதான் லீவு. பிள்ளைகளுக்குப் பவுடர் அப்பி, தலை படிய வாரி, புதுச் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கேமராவுக்கு முன்னால் ஒருத்தி ரேங்க் கார்டைப் பிடிப்பாள். ஒருத்தி பிறந்து நாற்பது நாளான குழந்தையைத் தூக்கிப் பிடிப்பாள். ஒருத்தி டிபன் டப்பாவைத் திறந்து, “பாருங்க, இன்னிக்கு ஊட்ல இதான்” என்று பிரியாணியைக் காட்டுவாள். அந்தப் பக்கத்திலிருந்து இரைச்சலாக ஒரு சிரிப்பு வரும். நேரம் முடிந்ததும் புர்காவை இழுத்துவிட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வருவார்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஹாஜாவும் தலையைக் குனிந்துகொள்வார். நசீம் அங்கே முதன்முதலில் போனபோது அவருக்கு இருபத்தொன்பது வயது, தாடி இப்போதிருப்பதில் பாதி.

அந்த வருஷம்தான் கள்ள விண்டோஸ் வைத்திருக்கும் கடைகளில் ரெய்டு வரப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. வந்ததோ இல்லையோ, ஹாஜா பயந்துவிட்டார். அப்போது கடைக்கு அடிக்கடி வருகிற ஆவடிப் பையன் டேவிட், பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன், பையிலிருந்து ஒரு சிடியை எடுத்துக் கொடுத்து, “பாய், இத்த போடுங்க. ஓசி. எவன் வந்தாலும் நெஞ்ச நிமித்திகினு நிக்கலாம்” என்றான். ஆறு மெஷினிலும் லினக்ஸ் போட்டார்கள். எல்லாம் ஓடியது. கேமரா மட்டும் ஓடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டம் அப்படியே பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது.

டேவிட் ஒரு வாரம் கடையிலேயே கிடந்தான். எங்கெங்கோ இருந்து, கேமராவை இயக்குகிற புரோகிராமாம், டிரைவர் என்று எதையோ இறக்கினான், அதைக் கம்பைல் பண்ணுகிறேன் என்று விடியவிடிய உட்கார்ந்தான். கடைசியில் ஆறாம் நம்பரில் படம் வந்தது. தலைகீழாக வந்தது. திருப்பிப் போட வழி தெரியவில்லை. ஹாஜாதான் மானிட்டருக்கு மேல் பலகையில் ஒரு ஆணி அடித்து, தையல்கடையில் நூல் வாங்கி, கேமராவையே தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். படம் நேராகிவிட்டது. கூட்டம் திரும்பி வந்தது. ஆறாம் நம்பருக்கு வரிசையில் நின்றார்கள்.

அந்த ஆறாம் நம்பரில்தான் நசீமைப் பெண் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை ராஷித் சவுதியில், தம்மாமில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இருந்தான். லீவுக்கு வர இன்னும் எட்டு மாதம். அதற்குள் முகத்தைப் பார்த்து முடிவு செய்துவிடலாம் என்று அவனுடைய அக்காதான் இவளையும் இவள் அம்மாவையும் கூட்டி வந்தாள். நசீம் காப்பி நிறத்தில் சல்வார் போட்டிருந்தாள். கேபினுக்குள் வியர்வையும் ஊதுபத்தியுமாக ஒரு வாசம். அம்மா வலதுபக்கம், ராஷித்தின் அக்கா இடதுபக்கம். நடுவில் இவள். திரையில் மீசை வைத்த ஒரு முகம், பேசுவதற்கும் வாய் அசைவதற்கும் சம்பந்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பஸ் ஒன்று போன அதிர்வில் ஆணியில் கட்டியிருந்த நூல் நழுவிவிட்டது. மாப்பிள்ளை, “இன்னா, எல்லாம் சுத்துது” என்றான். ஹாஜாவைக் கூப்பிட்டார்கள். அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்து, மேஜைக்கும் தடுப்புக்கும் இடையில் ஒண்டி நின்று, கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டார். பெண்களைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நசீமுக்கு அவருடைய மணிக்கட்டு மட்டும்தான் தெரிந்தது.

“எழுந்து நிக்கச் சொல்லுங்க” என்றான் ராஷித். எழுந்து நின்றாள்.

“ரெண்டு எட்டு நடக்கச் சொல்லுங்க.” நடக்க அங்கே இடம் ஏது? இந்தத் தடுப்புக்கும் அந்தத் தடுப்புக்கும் அசைந்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“துப்பட்டாவ எடுத்துட்டு முடிய காட்டச் சொல்லுங்க. நீளம் எவ்ளோன்னு பாக்கணும்.”

அந்நிய ஆண் ஒருவர் ஒரு முழத் தூரத்தில் நிற்கிறார். நசீம் அசையவில்லை. ராஷித்தின் அக்கா அவள் தோளைத் தொட்டு, “சும்மா காட்டும்மா. அவர் அந்தாண்டதான பாக்கறாரு” என்றாள். அந்த நொடியில் படம் போய்விட்டது. சின்னக் கட்டத்தில் தெரிந்த இவளுடைய உருவம் மறைந்து கறுப்பு மட்டும் இருந்தது.

சுவரைப் பார்த்தபடியே ஹாஜா, “கேமரா போயிடுச்சும்மா. டிரைவர் ஹேங் ஆயிடுச்சு” என்றார்.

“எந்த டிரைவர்? பஸ்ஸுலயா?” என்று பதறினாள் அம்மா.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே நசீம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை. நாலைந்து மாதம் கழித்து ஹாஜாவின் அக்கா ஷாகிதா இனிப்போடு வீட்டுக்கு வந்து, தம்பிக்குக் கேட்கிறோம் என்றபோது, அம்மா யோசிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே இவள் சமையலறையிலிருந்து சரி என்று சொல்லிவிட்டாள். பெண் பார்க்கிற படலமே இல்லை. அன்றைக்கு வயரை உருவியது அந்தக் கைதான் என்பது அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரியும். தெரிந்தது போதும் என்று இருந்துவிட்டாள். பதினெட்டு வருஷமாக அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சில நல்ல காரியங்களைப் பேசினால் குறைந்துவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

நிக்காஹுக்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கல்லாவில் அவளே உட்கார்ந்தாள். லேடீஸ் டைம் என்று போர்டு மாட்டினார்கள். யாருக்குக் கண் கலங்கியிருந்தாலும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் உட்காரவைத்து அனுப்புவாள். பிறகு எல்லோர் கையிலும் டச் போன் வந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஒவ்வொருத்தராகக் கரைந்து, ஒரு நாள் ஒருவருமே வரவில்லை.

“அலோ, யாரு?” என்று ஸ்பீக்கரில் டேவிட்டின் குரல் கேட்டது. பின்னால் தட்டுகளும் ஸ்பூன்களும் மோதும் சத்தம்.

“நான்தான்டா. ஹாஜா.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, “பாய்” என்றான். அந்த ஒரு வார்த்தையில் ஏழெட்டு வருஷமும் இருந்தது. “எப்படி கீறீங்க? அக்கா எப்படி கீறாங்க? நான் எஸ்டேட்ல, அம்பத்தூர்ல கீறேன். கேன்டீன்ல சாப்டுகினு கீறேன்.”

“சாப்டுட்டு வா மாமே, அப்பறம் பேசறேன்.”

“அட, சொல்லுங்க பாய்.”

ஹாஜா விஷயத்தைச் சொன்னார். டேவிட் நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முடித்ததும், “உங்க பேர்ல ஓடுது, அக்கா பேர்ல ஓடல. அவ்ளோதான?” என்று கேட்டுவிட்டு, ஒரு வரியைச் சொல்லி டைப் அடிக்கச் சொன்னான். வந்ததைப் படிக்கச் சொன்னான்.

“வீடியோன்னு ஒரு குரூப்பு கீது பாய். அதுல உள்ளவங்களுக்குத்தான் அது கேமராவத் தொறந்து காட்டும். உங்க பேரு அதுல கீது. அக்கா பேரு இல்ல. அக்காவுக்கு அக்கௌன்ட்டு போட்டது யாரு?”

நசீம் ஹாஜாவைப் பார்த்தாள். ஹாஜா கீபோர்டைப் பார்த்தார்.

“நான்தான்” என்றார்.

“சரி உடுங்க. இந்த வரிய அடிச்சு அக்கா பேர சேருங்க. சேத்துட்டு ஒருவாட்டி மெஷின அணைச்சுப் போடுங்க.”

மெஷின் அணைந்து எழுந்துகொண்டிருந்தபோது டேவிட் சிரித்தான். “இப்பல்லாம் இன்னா பாய், ஒரு வரில முடிஞ்சுடுது. அப்ப ஒரு வாரம் ஆச்சு, அதுவும் தலகீழா வந்துச்சு. அந்த டிரைவரு நிமிசத்துக்கு ஒருவாட்டி ஹேங் ஆவும். அக்காவப் பொண்ணு பாக்க வந்தப்பகூட ஹேங் ஆச்சே, ஞாபகம் கீதா? அன்னிக்கி சாயங்காலமே போன் பண்ணி என்ன அந்தத் திட்டுத் திட்னீங்க.”

நசீம் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

திரை வந்தது. அவள் பேரில் உள்ளே போனார்கள். பச்சை விளக்கு எரிந்தது. கட்டத்துக்குள் நசீம் பானு தெரிந்தாள், கொஞ்சம் வாயைத் திறந்தபடி.

“வந்துடுச்சுடா” என்றார் ஹாஜா.

“வந்துடுச்சா. அக்கா, நல்லாப் பண்ணுங்க. முடிச்சுட்டு எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க” என்று டேவிட் வைத்துவிட்டான்.

வீடு அமைதியாக இருந்தது. இனாயா டியூஷனுக்குப் போயிருந்தாள். நசீம் திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அன்னிக்கு நீங்க வயர உருவல?”

“எந்த வயர?”

“ஆறாம் நம்பர்ல.”

ஹாஜாவுக்குப் புரிய சற்று நேரமானது. புரிந்ததும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “இல்ல நசீம். அதுவா ஹேங் ஆச்சு. கடை மானம் போகுதேன்னு எனக்கு வேர்த்து ஊத்திச்சு.”

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினெட்டு வருஷமாக மனசுக்குள் பத்திரமாக வைத்திருந்தது. எத்தனையோ கோபங்களை அதை நினைத்துத்தான் அடக்கியிருந்தாள். கடையை மூடிய வருஷம், அவர் ஆறு மாதம் யாரோடும் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தபோதுகூட, அந்தக் கை அப்படிப்பட்ட கை என்று நினைத்துத்தான் பொறுத்துக்கொண்டாள். ஒரு டிரைவர் செய்த வேலைக்கா இத்தனையும்?

“நான் சரின்னு சொன்னதே அதுக்காகத்தான்” என்றாள்.

ஹாஜா தாடியைத் தடவிக்கொண்டார். கேமராவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். “ஹேங் ஆனது நெசம்தான்” என்று மெதுவாக ஆரம்பித்தார். “ஆனா உடனே திரும்பி வந்துடுச்சு. கேமராவோட லைட்டு எரிஞ்சுது. அது என் கைக்குள்ளதான கீது, எனக்குத் தெரியும்ல. நான் உள்ளங்கைய வச்சு மூடிகினேன். நீங்கல்லாம் கெளம்பிப் போறவரிக்கும் எடுக்கல.”

நசீம் அவர் பக்கம் திரும்பினாள்.

“அப்ப டேவிட்டை ஏன் அந்தத் திட்டுத் திட்டுனீங்க?”

“வேற யாரத் திட்டறது? தம்மாமுக்குப் போன் போட்டா திட்ட முடியும்?”

அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் அவள் எதற்கு அத்தனை சிரிக்கிறாள் என்று அவருக்கு முழுக்கப் புரிந்திருக்காது. அவள் நினைத்ததைவிட இது நல்லதாக இருந்தது. வயரை யாரும் கோபத்தில் உருவிவிடலாம். ஒரு சின்னப் பச்சை விளக்கை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, மூன்று பெண்கள் எழுந்து, செருப்பு மாட்டி, படியிறங்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டுமென்றால் அதற்கு வேறு மாதிரி மனசு வேண்டும்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவள் உட்கார்ந்தபோது இன்னொரு தொல்லை தெரிந்தது. படத்தில் கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டிருந்தன. மீண்டும் டேவிட்டுக்குப் போன் போட ஹாஜா கையை நீட்டினார். நசீம் தடுத்தாள். “இருங்க” என்று எழுந்துபோய் டியூப்லைட்டை அணைத்தாள். பட்டைகள் போய்விட்டன. ஜன்னல் திரையை முழுக்க விலக்கினாள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. டியூப்லைட் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது என்பதும், கேமராவுக்கு அது தெரிந்துவிடும் என்பதும் ஹாஜாவுக்குத் தொழிலில் தெரிந்த விஷயம்தான். பதற்றத்தில் மறந்திருந்தார். “நம்மூரு கரென்ட்டுக்கு அம்பதுல வைக்கணும், அறுபதுல கீது” என்று முணுமுணுத்துக்கொண்டே கேமராவில் அதையும் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

மூன்று மணிக்கு முன்பே அவர் காலிங் பெல்லின் சுவிட்சை அணைத்தார். மோட்டாரை அணைத்தார். வாசலில் போய் நின்று, தண்ணி கேன் கொண்டுவந்தவனை வாயில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினார்.

கம்பெனியிலிருந்து பேசியவள் பேர் ஸ்வாதி. முப்பத்தைந்துக்குள் இருப்பாள். முதலில் நோய்களைப் பற்றிக் கேட்டாள். சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண் இருந்தால் எந்த எண்ணை முதலில் போடுவீர்கள் என்றாள். சர்க்கரைக்கு உரியதை முதலில், புண் எந்த இடத்தில் என்பதை அடுத்து என்று நசீம் சொன்னாள். ஸ்வாதி தலையசைத்தாள். இன்னும் சில கேள்விகள். ஒன்றுக்குத் தெரியாது என்றாள் நசீம். ஸ்வாதி அதையும் குறித்துக்கொண்டாள்.

பிறகு தமிழுக்கு மாறி, “டிகிரி முடிச்சு இத்தனை வருஷம் ஆயிடுச்சே, நடுவுல எதுவும் வேலை பாக்கலியா?” என்றாள்.

நசீம் இதற்கு ஒரு பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். குடும்பப் பொறுப்புகள் என்று தொடங்கும் அது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“பிரவுசிங் சென்டர் வச்சிருந்தோம் மேடம். பூந்தமல்லில. லேடீஸ் டைம் நான் பாத்துக்கிட்டேன். சவுதியில இருக்கிற வீட்டுக்காரங்களோட கேமராவுல பேச வருவாங்க. மெஷின் மக்கர் பண்ணா நான்தான் சரி பண்ணுவேன். படிக்கத் தெரியாதவங்களுக்கு மெயில் படிச்சுக் காட்டுவேன். படிச்சத வெளிய சொல்லமாட்டேன்.”

ஸ்வாதி பேனாவைக் கீழே வைத்தாள். “பிரவுசிங் சென்டர்” என்றாள். “அந்த வார்த்தையக் கேட்டே எவ்ளோ நாளாச்சு. ப்ளஸ் டூ ரிசல்ட்டு நான் அப்படி ஒரு கடையிலதான் பாத்தேன். கடைக்கார அண்ணன் மார்க்க மொதல்ல அவரு பாத்துட்டு, எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாரு. தண்ணியப் பாத்ததும் நான் ஃபெயிலுன்னு நெனச்சு அழுதுட்டேன்.”

“நானும் தண்ணி குடுப்பேன்” என்றாள் நசீம்.

இருவரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரி விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் முதல் விதி என்று ஸ்வாதி சொன்னாள். தெரியும் என்றாள் நசீம். முடிவை மெயிலிலோ போனிலோ சொல்வோம் என்று ஸ்வாதி கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை டேவிட் பைக்கில் வந்து இறங்கினான், பின்னால் மனைவி ஜெயசீலியோடு. போன் போட்டுச் சொல்லலாம் என்று ஹாஜா நினைத்திருக்க, போன் வராததால் நேரிலேயே வந்துவிட்டான். தொப்பை போட்டிருந்தது, முன்தலை வழுக்கை. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே எதையெதையோ திறந்து பார்த்தான். சர்ச்சிலிருந்து நேராக வந்ததால் ஜெயசீலி பட்டுப்புடவையில் இருந்தாள். நசீம் அவளை உட்காரவைத்து வெங்காயம் நறுக்கக் கொடுத்தாள். மத்தியானம்வரை இரண்டு ஆண்களும் பழைய கடையில் வந்துபோனவர்களின் பேர்களை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தினமும் வந்து ஜாதகம் பார்த்த எத்திராஜ் சார். மகனுக்கு மெயில் அனுப்ப வந்து, மெயில் என்றால் தபால்தலை வேண்டாமா என்று கேட்ட கோமளா டீச்சர். ஒரு பேர் வராமல் இருவரும் தவித்தபோது, சமையலறையிலிருந்து நசீம் எடுத்துக் கொடுத்தாள். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகும்போது, இனிமேல் இப்படி விடக் கூடாது பாய் என்றான் டேவிட். அவன் பைக் தெருமுனை திரும்பும்வரை ஹாஜா வாசலிலேயே நின்றார்.

புதன்கிழமை நசீம் பஸ் டிப்போ பக்கத்துக் காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. ஸ்வாதிதான். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பயிற்சி, மூன்று மாதம் கழித்து நிரந்தரம் என்றாள். நசீம் நன்றி சொன்னாள். கடைக்காரர் முருங்கைக்காயை எடைபோட்டு நீட்டிக்கொண்டிருந்தார். அவள் வாங்காமலே சாலையோரம் வந்து, ஹாஜாவைக் கூப்பிட்டாள்.

எடுத்தவருடைய குரல் உயரத்திலிருந்து வந்ததுபோல் இருந்தது. டிரில்லிங் மெஷின் சத்தம் நின்றது.

“ஏணி மேல கீறேன் நசீம். நூம்பல் சைட்டு. அவசரமா?”

“அவசரம்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா இறங்கிட்டுப் பேசுங்க.”

“இன்னா ஆச்சு?”

“மொதல்ல இறங்குங்க மச்சான்.”

அவர் போனை அணைக்கவில்லை. சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்குகிறார் என்று தெரிந்தது. துணி உரசும் சத்தம், இரும்பில் செருப்பு பதியும் சத்தம், கீழே யாரோ ஏணியைப் பிடித்தபடி, பாத்து அண்ணாத்தே, பாத்து என்று சொல்வது. டிப்போவிலிருந்து பஸ்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. நசீம் பானு ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அவர் தரையில் கால் வைக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.